ஷீல்டுக்குக் காசு இருக்கிறது, லைன்மேனுக்கு இல்லையா?

கால்பந்து ரெஃப்ரி தப்பு பண்ணுகிறார் என்பது என் புகார் இல்லை. உலகக் கோப்பையிலேயே பண்ணுகிறார்கள். ஒரே மைதானத்தில் காலையில் ஒரு சட்டம், சாயங்காலம் வேறு சட்டம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சமீபத்தில் பாளையங்கோட்டைப் பக்கம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு போட்டி. எங்கள் பிள்ளைகள் அணியின் டிஃபென்ஸ் பையன் கையை உடம்போடு ஒட்டித்தான் வைத்திருந்தான். பக்கத்தில் நின்று ஒருவன் ஓங்கி அடித்த பந்து முழங்கையில் பட்டது. உடனே விசில், பெனால்டி! கையில் பட்டதெல்லாம் குற்றமில்லை என்றுதான் 12-ஆவது விதி சொல்கிறது. வேண்டுமென்றே தொட்டானா, கையை விரித்து உடம்பை அகலமாக்கினானா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஆட்டம் முடியும்வரை அந்தப் பையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேதான் ஓடினான். சட்டென்று திரும்பும்போது நிலைதடுமாறிப் புழுதியில் விழுந்தான். அடுத்த ஆட்டத்துக்கு வேறு ரெஃப்ரி. அதில் ஒருவன் கையை அகல விரித்தே பந்தை நிறுத்தினான். விசிலே இல்லை.

கோலி, அதாவது கோல்கீப்பர், பந்தைப் பிடித்து வைத்திருக்கும் கணக்கும் அப்படித்தான். முன்பு ஆறு விநாடி, தாண்டினால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். 2025-இல் அதை எட்டு விநாடியாக்கி, தாண்டினால் எதிரணிக்குக் கார்னர் என்று மாற்றிவிட்டார்கள். கடைசி ஐந்து விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல்விட்டுக் காட்ட வேண்டும். பையன்கள் ராத்திரி மொபைலில் மேட்ச் பார்க்கிறவர்கள், அவர்களுக்கு இது தெரியும். ஒரு ரெஃப்ரி கார்னர் கொடுக்கிறார், இன்னொருவர் பழைய ஃப்ரீ கிக்கிலேயே நிற்கிறார். "சார், ரூல் மாறிட்டு" என்று சொன்ன கேப்டனுக்குக் கிடைத்தது மஞ்சள் அட்டை.

இதற்காக ரெஃப்ரியைத் திட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. "வேய், கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று கத்துகிற அப்பாமார்கள் ஒரு ஆட்டமாவது விசிலை வாங்கி ஊதிப் பார்க்கட்டும். விசில் பிடிப்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பள்ளியின் பி.இ.டி. சார். நம்ம ஊர் வெயிலில் அடுத்தடுத்து ஆட்டம், குடிக்கத் தண்ணீரைக்கூட அவரே தேடிப் போக வேண்டும். ஓரக் கோட்டில் கொடியோடு நின்று ரெஃப்ரிக்கு உதவுகிற லைன்மேன் கிடையாது. அப்படியே இருந்தாலும் மாற்று ஆட்டக்காரன் எவனாவது துண்டைக் கொடியாகப் பிடித்து நிற்பான். நடு வட்டத்தில் நின்றுகொண்டு ஆஃப்சைடை எப்படிப் பார்ப்பார்? குத்துமதிப்பாகத்தான் ஊதுவார். அவர் பள்ளி அணியும் அதே போட்டியில் ஆடினால் கேட்கவே வேண்டாம், சரியாகவே ஊதினாலும் எவன் நம்புவான்?

நடத்துகிற அண்ணாச்சிமார்களைத்தான் கேட்கிறேன். ஃப்ளெக்ஸுக்கு, ஆளுயர ஷீல்டுக்கு, சிறப்பு விருந்தினர் பொன்னாடைக்கு எல்லாம் காசு இருக்கிறது. பாளையங்கோட்டையைச் சுற்றி இத்தனை கல்லூரி இருக்கிறதே, பந்து ஆடுகிற பையன்களுக்கா பஞ்சம்? ஆட்டத்துக்கு இரண்டு பேரைக் கொடியோடு நிறுத்தி, கையில் ஏதாவது கொடுத்து, சாப்பாடும் போடுங்கள். முதல் ஆட்டத்துக்கு முன் எல்லா ரெஃப்ரியும் கோச்சுகளோடு ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து, ஹேண்டு என்றால் இது, கோலிக்கு இவ்வளவு நேரம் என்று பேசி முடித்துக்கொள்ளட்டும். பையன்களுக்கும் அதையே சொல்லிவிடுங்கள்.

அடுத்த போட்டி நோட்டீஸோடு வருகிறவர்களிடம் லைன்மேன் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் நுழைவுக் கட்டணம் கொடுப்பதாக இருக்கிறேன். மற்ற பெற்றோரும் கேளுங்கள்.