ரெக் கடற்கரைக்குச் செல்வோர் கவனத்துக்கு

கனடாவின் வான்கூவர் நகரையொட்டிய ரெக் கடற்கரை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, ஆடை அணிவதும் அணியாததும் அங்கே அவரவர் விருப்பம் என்பதை விரிவாகப் பேசிவிட்டு, போய்வரும் வழியை ஒரே வரியில் முடித்துவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகம் வரை நகரப் பேருந்திலேயே சென்றுவிடலாம். ஆனால் அங்கிருந்து ஆறாம் எண் பாதையில், நெடிய மரங்களுக்கிடையே செங்குத்தான சரிவில் ஏறத்தாழ 500 படிகள் இறங்கினால்தான் மணலில் கால் வைக்க முடியும். இத்தனை மாணவர்கள் நடமாடும் வளாகத்துக்குக் கீழேயே இப்படியொரு தனிமை வாய்த்திருப்பதற்கு அந்தச் சரிவும் காடுமே காரணம். வளாகத்தில் உயரமான விடுதிகள் கட்டத் திட்டமிட்டபோது, மேல்மாடிகள் கடற்கரையிலிருந்து தெரியும் என்று எதிர்ப்பு எழுந்ததும் அதனால்தான்.

கரையொதுங்கிய பெரிய மரக்கட்டைகளில் துணிகளைப் போட்டுவிட்டு, அவற்றிலேயே சாய்ந்து புத்தகம் படிக்கும் முதியவர்களைப் பார்த்தால், ஆடையில்லாக் கடற்கரை என்றதும் எழும் பரபரப்பு சற்று அபத்தமாகத் தோன்றும். உடையோடு இருப்பவரை அங்கு யாரும் பொருட்படுத்துவதில்லை. கைப்பேசியை உயர்த்திப் படமெடுப்பவரைத்தான் கண்டிப்பார்கள். வடக்கே கற்கள் நிறைந்த கரையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தேடுவிளக்குக் கோபுரங்கள் இரண்டு நிற்கின்றன. அலையேற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது. குடிநீரை மறக்காதீர்கள், இருட்டுவதற்குள் படியேறத் தொடங்கிவிடுங்கள்.