இந்துப்பும் உப்புதான்

‘இந்துப்பில் சோடியம் கிடையாது, பிரஷர் உள்ளவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறம் துளியளவு இரும்பால் வருவது. ரத்த அழுத்தத்தைச் சாதா உப்பைப் போலவே ஏற்றும். அயோடினும் சேர்க்காவிட்டால் அதுவும் நஷ்டம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நான்கு பேர் வீட்டுச் சமையலில் மாதம் ஒரு கிலோ பாக்கெட் தீர்ந்தாலே ஒருவருக்கு 8 கிராம் தாண்டிவிடும். ஊறுகாய், அப்பளம் தனிக் கணக்கு, அப்பளக்காரமும் சோடியமே. மோரில் போடுவதை முதலில் நிறுத்துங்கள், ரசத்துக்கு எலுமிச்சையும் மிளகும் ஈடுகட்டும்.

பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பு வேறு சங்கதி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.