அந்த இரண்டு ஸ்குரூவைத் திருப்பிக் கொடுங்கள்

போன சனிக்கிழமை பெங்களூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேமை, அதாவது ஆப்கள் ஓடும்போது பயன்படும் நினைவகத்தை, 16 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாக் கடையிலும் ஒரே பதில்: "சார், இது போர்டோடயே பத்தவச்சது, மாத்த முடியாது."

என் பழைய லேப்டாப்பில் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்தால் ரேம் கையோடு வரும், பேட்டரி ஒரு கொக்கியைத் தள்ளினாலே வந்துவிடும். இப்போது பேட்டரியையும் பசை போட்டு ஒட்டி வைக்கிறார்கள். கேட்டால், மெலிதாக இருக்க வேண்டுமாம். யார் கேட்டது? தினமும் பஸ்ஸில் அதைத் தோளில் சுமப்பவன் நான், எனக்கு இன்னும் கால் கிலோ கூடினாலும் பரவாயில்லை!

சாஃப்ட்வேர்காரர்கள் மட்டும் என்ன? எலக்ட்ரான் என்ற ஆப் தயாரிக்கும் கருவியில் எழுதிய ஆப் ஒவ்வொன்றும் தனக்கென, குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசரையே உள்ளே தூக்கிக்கொண்டு வருகிறது. நாலு வரி சாட் செய்ய எதற்கு ஒரு முழு பிரவுசர்? ஒருவர் ரேமைத் தின்கிறார், இன்னொருவர் ரேமைக் கூட்ட விடமாட்டேன் என்கிறார், நடுவில் மாட்டிக்கொண்டு ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் புது மெஷின் வாங்குவது நாமா?

ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல், இத்தகைய சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அங்கே முடியும் என்றால் பெங்களூரில் விற்கிற பெட்டிக்கு மட்டும் ஏன் முடியாது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம் ஐயா, இருந்ததைப் பிடுங்காமல் இருங்கள், போதும்.