விஜயதசமிக்கு சேர்த்துட்டு பொங்கலுக்குள்ள நிறுத்துறவங்களுக்கு

எங்க ஏரியா பாட்டு கிளாஸ்ல வருஷா வருஷம் விஜயதசமி அன்னிக்கு நிக்க இடம் இருக்காது. தட்டுல வெத்தலை பாக்கு பழம், பட்டுப் பாவாடை, போட்டோ, உடனே ஸ்டேட்டஸ். பொங்கல் வர்றதுக்குள்ள பாதிப் பேர காணோம். கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான், "அவளுக்கு இன்ட்ரஸ்ட் இல்லைங்க". ஏங்க, ஆறு வயசுக் குழந்தைக்கு மாயாமாளவகௌளை ராகத்துல சரளி வரிசைய, அதான் முதல்ல சொல்லித் தர்ற ஸ்வரப் பயிற்சிய, மூணு வேகத்துலயும் பாடுறதுக்கு தானா எங்கேருந்துங்க இன்ட்ரஸ்ட் வரும்?

அங்க ஒரு அப்பா வருவார். பொண்ணு வெளிய வந்து செருப்பு மாட்டறதுக்குள்ள "இன்னும் சரிகமதானா, பாட்டு எப்ப சொல்லித் தருவாங்க"ம்பார். அந்தப் புள்ள அன்னிக்குதான் ஒவ்வொரு ஸ்வரமும் ரெட்டையா வர்ற ஜண்டை வரிசைல ரெண்டாவது ஸ்வரத்த அழுத்திப் பிடிச்சு டீச்சர்கிட்ட சபாஷ் வாங்கியிருக்கும், சொல்ல வாயெடுத்தது அப்படியே அடங்கிப் போயிடும். இன்னொரு அம்மா இருக்காங்க, ஸ்ருதியும் தெரியாது தாளமும் தெரியாது, ஸ்கூட்டிய ஸ்டார்ட் பண்ணும்போதே "இன்னிக்கு என்னடி, எனக்கும் சொல்லிக் குடு"ன்னு ஆரம்பிச்சு தப்பும் தவறுமா பாடுவாங்க, பொண்ணு பின்னாடி உக்காந்து அம்மா முதுகுலயே ஆதி தாளம் போட்டு, சிரிச்சு சிரிச்சு திருத்திக்கிட்டே போகும். எது நிலைக்கும்னு நான் பந்தயம் கட்டுவேன்.

"எங்களுக்கு சங்கீதம் தெரியாதே, நாங்க என்ன பண்றது"ன்னு சொல்றதெல்லாம் சாக்கு. 1996ல இங்கிலாந்துல 257 பிள்ளைங்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. நல்லா மேல வந்த பிள்ளைங்களோட அப்பா அம்மா பெரிய வித்வான்லாம் இல்ல, ஆனா டீச்சர்கிட்ட பேசுவாங்க, கிளாஸ்ல உக்காருவாங்க, வீட்ல பிராக்டீஸ் அப்போ பக்கத்துல இருப்பாங்க. ஜப்பான்ல சுசுகி வயலின் முறைல இன்னும் ஒரு படி மேல, பல இடத்துல முதல்ல அம்மாவோ அப்பாவோதான் கத்துக்க ஆரம்பிப்பாங்க, குழந்தை அதப் பாத்து எனக்கும் வேணும்னு தானா கேக்கும். செம டெக்னிக்ல?

கர்நாடக சங்கீதத்த மாண்டலின்ல வாசிச்ச மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கதையும் அப்படித்தான். பையன் அப்பாவோட மாண்டலின எடுத்து வாசிக்கிறதப் பாத்து அந்த அப்பா அதட்டி வாங்கி வைக்கல, புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்து, அப்புறம் தன்னோட குருகிட்டயே கொண்டுபோய் விட்டார், குரு பாடப் பாட ஸ்ரீனிவாஸ் வாசிச்சுக் கத்துக்கிட்டார். (எல்லா வீட்லயும் ஸ்ரீனிவாஸ் பொறப்பாரான்னு கமென்ட்ல வராதீங்க, அந்த அப்பா பண்ணதத்தான் சொல்றேன்.)

கேரி மெக்பெர்சன்னு ஒருத்தர், ஆஸ்திரேலியாக்காரர், வாத்தியம் கத்துக்க ஆரம்பிக்கிற பிள்ளைங்ககிட்ட எத்தனை நாள் வாசிக்கப் போறேன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டார். ரொம்ப வருஷம் வாசிப்பேன்னு நினைச்ச பிள்ளைங்க அதே அளவு பிராக்டீஸ்லயும் மத்தவங்கள விட நல்லா முன்னேறுச்சுங்க. அந்த நினைப்ப நம்ம ஊர்ல யாரு குடுக்குறாங்க சொல்லுங்க. ஒம்பதாவது முடிஞ்சதும் பாட்டு கிளாஸ் கட், மேத்ஸ் டியூஷன் மட்டும் ரெண்டு. அக்காவுக்கு நின்னதத் தங்கச்சி பாத்துக்கிட்டுதானே இருக்கா.