சானியாவின் 2007: நான்கு கோப்பைகள், நான்கு ஜோடிகள்

டென்னிஸ் ஆட்டக்காரர் சானியா மிர்சாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் தவறாமல் சொல்கிறார்: "ஹிங்கிஸ் கிடைத்தார், இரட்டையரில் முதலிடம் கிடைத்தது. இல்லையென்றால் ஏது?" கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சானியாவோடு ஜோடி சேர்ந்த சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸ் மேதை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஜோடி தொடர்ந்து 41 ஆட்டங்களில் வென்றது. 2015 விம்பிள்டன், அமெரிக்க ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன் என்று அடுத்தடுத்து மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை அள்ளியது. எல்லாம் சரி. ஆனால் சானியா எப்பேர்ப்பட்ட இரட்டையர் ஆட்டக்காரர் என்பதற்குச் சான்று கேட்டால், நான் எடுத்து வைப்பது அந்த ஆண்டுகளை அல்ல. 2007-ஐ.

அந்த ஒரே ஆண்டில் அவர் பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் நான்கு இரட்டையர் பட்டங்களை வென்றார். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் வானியா கிங்குடன், ஜூலையில் சின்சினாட்டியில் பெத்தானி மட்டெக்குடன், அதற்கு அடுத்த வாரமே ஸ்டான்ஃபோர்டில் ஷாகர் பீருடன், ஆகஸ்டில் நியூ ஹேவனில் மாரா சாண்டாஞ்செலோவுடன். நான்கு கோப்பைகள், நான்கு ஜோடிகள். நான்கிலும் வலைக்கு இந்தப் பக்கம் மாறாமல் நின்றவர் ஒருவர்தான்.

ஜோடியை மாற்றிக்கொண்டே இருந்தார் என்றால், யாருடனும் ஒத்துப்போகாதவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். டென்னிஸ் சுற்று அப்படி நடப்பதில்லை. ஒற்றையரில் கவனம் செலுத்தும் இளம் ஆட்டக்காரருக்கு இரட்டையர் என்பது அந்தந்த வாரத்து ஏற்பாடு. யார் எந்த ஊருக்கு வருகிறார், யாருக்குக் காயம், இருவரின் தரவரிசையையும் கூட்டினால் போட்டிக்குள் இடம் கிடைக்குமா என்று பார்த்துத்தான் பெயர் கொடுப்பார்கள். சானியா அந்த ஆண்டு ஒற்றையரில் 27-ஆம் இடம் வரை ஏறியவர். அவருடைய முழு மூச்சும் அங்கேதான் இருந்தது. இரட்டையருக்கென்று உட்கார்ந்து திட்டம் போட அவருக்கு நேரம் ஏது?

புது ஜோடியோடு களம் இறங்குவது எவ்வளவு சிக்கல் என்பது தொலைக்காட்சியில் அவ்வளவாகத் தெரியாது. முதலில், யார் எந்தப் பக்கம் நின்று எதிராளியின் சர்வை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் அடியை, வாங்குவது? இருவருக்கும் ஒரே பக்கம் பழக்கமாக இருந்தால் ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அடுத்து, இருவருக்கும் நடுவில் வரும் பந்து யாருடையது? பழகிய ஜோடியில் இந்தக் கேள்வியே எழாது, ஒருவரின் மட்டை தானாக நீளும். புது ஜோடியில் இருவருமே நீட்டுவார்கள், அல்லது இருவருமே "நீ எடு" என்று பார்த்துக்கொண்டு நிற்க, பந்து நடுவே போய்விடும். சர்வ் போடுவதற்கு முன் வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் கையை மறைத்து விரலால் சைகை காட்டுவார், குறுக்கே பாயப்போகிறேன், அல்லது இருந்த இடத்திலேயே நிற்பேன் என்று. அந்தச் சைகையை நம்பித்தான் பின்னால் இருப்பவர் சர்வை எங்கே இறக்குவது என்று தீர்மானிக்கிறார், இறக்கியதும் எந்தப் பக்கம் ஓடுவது என்பதையும். போன வாரம் வரை வலைக்கு அந்தப் பக்கம் நின்றவரை இந்த வாரம் அந்த அளவுக்கு நம்ப வேண்டும்.

சானியாவுக்கு இதில் கூடுதல் சங்கடம். அவருடைய சர்வ், அதிலும் முதலாவது தவறினால் போடும் இரண்டாவது சர்வ், பலவீனமானது. வலையருகே, பந்து தரையில் படுமுன் அடிக்கும் அவருடைய வாலியும் அப்போது சுமார்தான். ஆனால் அந்த ஃபோர்ஹேண்ட், உள்ளங்கை முன்னால் வர வீசும் அந்த அடி! எதிராளியின் சர்வைத் திருப்பி அடிக்கும்போது, வலையருகே நிற்பவர் மட்டையைத் திருப்புவதற்குள் பந்து கடந்துவிடும். எவரோடு ஆடினாலும் இந்த ஒரு மூலதனத்தை அவர் கையோடு கொண்டு வந்தார். உடன் ஆடுபவர் வலையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்ற நிலைமையை உருவாக்கினார். 2015-இல் ஹிங்கிஸோடு உலகம் பார்த்து வியந்ததும் அடிப்படையில் இதே கணக்குதான், வலையருகே நின்ற கை மட்டும் உலகத்திலேயே தேர்ந்த கை.

ஸ்டான்ஃபோர்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒற்றையர் இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் அன்னா சக்வெடாட்ஸேவிடம் 6-3, 6-2 என்று தோற்றார். எதிர்ப்பே காட்ட முடியாத தோல்வி. இரட்டையர் இறுதிப் போட்டியிலும் எதிரே அதே சக்வெடாட்ஸே, அவருடன் விக்டோரியா அசரென்கா. அதில் சானியாவும் ஷாகர் பீரும் 6-4, 7-6 என்று வென்றார்கள். தனியாக நின்றபோது சமாளிக்க முடியாத ஒருவரை, பக்கத்தில் ஒரு துணை வந்ததும் வீழ்த்த முடிந்திருக்கிறது. அவருடைய ஆட்டம் எந்த வடிவத்துக்குப் பொருந்தியது என்பது அந்தப் போட்டியிலேயே எழுதி ஒட்டப்பட்டிருந்தது. ஒற்றையர் தரவரிசையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நாம் அதைப் படிக்கவில்லை.

ஷாகர் பீர் இஸ்ரேலியர். அவரோடு சானியா ஆடியதற்கு இந்தியாவில் எதிர்ப்புக் கிளம்பியது, 2006-இல் பெங்களூருவில் அவருடன் சேர்ந்து ஆடுவதையே சானியா தவிர்த்தார். ஜோடி யார் என்பதைக்கூட ஊர் தீர்மானிக்க வந்த காலம் அது. பாவாடையின் நீளத்தை அளந்தவர்கள், மதத்தை இழுத்தவர்கள் எல்லாரும் அவரவர் பங்குக்கு அளந்தார்கள், இழுத்தார்கள். அந்தக் கூச்சலில் அவருடைய இரட்டையர் ஆட்டத்தைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. அதற்குப் பின்னும் அடுத்த ஆண்டே அதே பீரோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கினார் என்பதை நான் ரசித்துச் சொல்வேன்.

நியூ ஹேவன் இன்னும் சுவையானது. இறுதிப் போட்டியில் எதிரே காரா பிளாக், லீசல் ஹியூபர். அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓபனையும் விம்பிள்டனையும் வென்ற ஜோடி. சானியாவும் சாண்டாஞ்செலோவும் அவர்களை 6-1, 6-2 என்று துவைத்து எடுத்தார்கள். இந்த ஹியூபர் யார் தெரியுமா? 2004-இல் ஹைதராபாத்தில் 17 வயதுச் சானியாவோடு சேர்ந்து, அவருடைய முதல் டபிள்யூடிஏ பட்டத்தை வென்று கொடுத்தவர். அன்று அவர்கள் இறுதியில் தோற்கடித்த சீனாவின் லி டிங், சுன் தியான்தியான் ஜோடி சில மாதங்களில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது. காரா பிளாக்கோ பின்னாளில் சானியாவின் ஜோடியாகி, 2014-இல் அவருடன், ஆண்டின் சிறந்த ஜோடிகள் மட்டும் மோதும் டபிள்யூடிஏ இறுதிச்சுற்றுப் பட்டத்தையே வென்றார். அதற்கெல்லாம் முன்பு, 2003 விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டத்தைச் சானியா வென்றபோது உடன் ஆடிய அலிசா கிளெய்பனோவாவுக்கு வயது 13தான்.

நான் சொல்வதற்கு மறுப்பும் உண்டு, மறைக்கவில்லை. 2007-இல் வென்றவை கிராண்ட்ஸ்லாம்கள் அல்ல. ஃபெஸ் சிறிய போட்டி. உடன் ஆடியவர்களும் சாமானியர்கள் அல்லர்: சாண்டாஞ்செலோ அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றிருந்தார், வானியா கிங் 2010-இல் விம்பிள்டனையும் அமெரிக்க ஓபனையும் வென்றார். பெண்கள் இரட்டையரில் கிராண்ட்ஸ்லாம் பட்டம் சானியாவுக்கு ஹிங்கிஸ் வந்த பிறகுதான் கிடைத்தது. உண்மை. ஆனால் இடையில் மணிக்கட்டு அறுவை சிகிச்சை வந்தது, முழங்கால் படுத்தியது, ஒற்றையர் ஆட்டத்தை விடவேண்டி வந்தது. இரட்டையரை மட்டுமே நம்பி ஆடத் தொடங்கிய சில ஆண்டுகளில் முதலிடம் வந்துவிட்டது. ஹிங்கிஸ் தயவு என்று சொல்பவர்கள், இரட்டையர் அவருக்குப் பக்கத் தொழிலாக இருந்தபோதே இவ்வளவு வென்றதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

அவர்களுக்கு 2016 ஆகஸ்டையும் நினைவூட்டுகிறேன். ஹிங்கிஸும் சானியாவும் பிரிந்தார்கள். இனி அவ்வளவுதான் என்றார்கள் பலர். பிரிந்த கையோடு சின்சினாட்டியில் செக் நாட்டின் பார்போரா ஸ்ட்ரைகோவாவோடு இறங்கினார் சானியா. முதல் போட்டியிலேயே இறுதிக்கு வந்தார்கள். எதிரே கோகோ வாண்டெவேயோடு ஹிங்கிஸ். 7-5, 6-4 என்று சானியா ஜோடி வென்றது. அதுவரை ஹிங்கிஸோடு பகிர்ந்திருந்த முதலிடம் அந்த வெற்றியோடு அவருக்கு மட்டும் சொந்தமானது.