காரைப் பார்த்துவிட்டு மறுத்திருக்கலாம்

கொட்டாஞ்சேனைத் தம்பியின் கார் பற்றி இரண்டு நாட்களாக எழுதப்படுவதை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் ஒரு வரியில் சொல்கிறேன்: கொழும்பு, கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த அந்த இளைஞர் தானே கட்டிய காருக்குப் பதிவு இலக்கம் கேட்டு மோட்டார் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனார், மறுத்துவிட்டார்கள். எனக்கு வயிற்றெரிச்சலைத் தந்த விஷயம் ஒன்றுதான். இலக்கம் இல்லாத வாகனத்தை வீதியில் ஓட்டக் கூடாது என்ற சட்டத்தை மதித்து, வாடகை லொறியில் ஏற்றிக் கொண்டுபோன காரை, கவுன்டரில் இருந்தவர் எழுந்து வந்து பார்க்கக்கூட இல்லை. உற்பத்தியாளரின் சான்றிதழ் எங்கே, சுங்கப் பத்திரம் எங்கே என்று கேட்டு, இரண்டும் இல்லை என்றதும் கோப்பைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லொறி வாசலிலேதான் நின்றது.

அந்தக் காருக்கு இலக்கம் கொடுத்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பரிசோதியுங்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன். பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறதா, மறுத்துவிடுங்கள். வெல்டிங்கில் வெடிப்பு இருக்கிறதா, எழுத்தில் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள், தம்பி சரிசெய்துகொண்டு வருவார். பார்த்துவிட்டு மறுத்தால் அது தீர்ப்பு. பார்க்காமல் மறுப்பதை என்னவென்று சொல்வது?

நான் அந்தக் காரைப் பார்த்திருக்கிறேன். டொயோட்டா கொரோலா கேஈ 70 ஒன்றை, கூடு முழுவதும் உக்கிப்போனதை, பதிவுப் புத்தகத்தோடு வாங்கி, அதன் 4கே என்ஜின், கியர்பெட்டி, பின் அச்சு, ஸ்டியரிங் தண்டு ஆகியவற்றை எடுத்து, சதுரக் குழாயில் தானே அடித்த செசியில், அதாவது அடிச்சட்டகத்தில், பூட்டியிருக்கிறார். சீற் பெல்ட் பூட்டும் இடத்தைக் குனிந்து பார்த்தேன். தரைத்தகட்டில் வெறுமனே துளை போட்டு ஆணியை இறுக்கவில்லை. அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த தகடு வைத்து, சுற்றிலும் பற்றவைத்து, அந்தத் தகட்டைச் செசிக் குழாயோடும் இணைத்திருக்கிறார். இழுவை ஓரிடத்தில் விழாமல் பரவ வேண்டும் என்பது தெரிந்தவன் மட்டுமே செய்யும் வேலை அது. இதைப் பார்க்காதவர்கள்தான் “நடமாடும் சவப்பெட்டி” என்று எழுதுகிறார்கள். எழுதியவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இந்த மாதிரி வாகனம் உலகில் எங்குமே இல்லாத ஒன்று என்பதுபோல் பேசுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் என்ற கார் 1957இல் வந்தபோதே உதிரிகளாக விற்கப்பட்டது. வாங்கியவர்கள் வீட்டுக் கராஜில் பூட்டிக்கொண்டார்கள். 1973இல் அதன் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது, இன்றும் அந்தக் கார் உதிரிகளாகக் கிடைக்கிறது. அதே வடிவத்தில் ஃபோர்ட் சியராவையோ மஸ்டா எம்எக்ஸ்-5ஐயோ டோனர் காராக, அதாவது பாகங்களைக் கழற்றி எடுக்கும் பழைய காராக, வைத்துக் கட்டுகிறவர்கள் அங்கே ஏராளம். என் மைத்துனர் ஒருவர் லண்டனுக்கு வெளியே சியராவை வைத்து அப்படி ஒன்றைக் கட்டினார். அங்கே ஐவிஏ என்ற தனிவாகனப் பரிசோதனை இருக்கிறது. 2009இலிருந்து அந்தப் பெயரில் நடக்கிறது. அதற்கு முன்பு எஸ்விஏ என்று 1998இலிருந்தே இருந்தது. பிரேக், விளக்கு, கண்ணாடி, புகை, சத்தம், வேகமானி என்று ஒன்றையும் விடமாட்டார்கள். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள பந்து ஒன்றை வெளிப்புறத்தில் உருட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பந்து தொடும் விளிம்புகள் 2.5 மில்லிமீற்றர் ஆரத்துக்குக் குறையாமல் உருட்டப்பட்டிருக்க வேண்டும். மைத்துனரின் கார் முதல் தடவை விழுந்தது ஒரு கூரான விளிம்பில்தான். காரணத்தை எழுதிக் கொடுத்தார்கள். அவர் அரத்தால் ராவிக்கொண்டு போய்க் காட்டினார், இலக்கம் கிடைத்தது. டோனர் காரின் பாகங்கள் எவை என்று பத்திரத்தோடு நிறுவினால் அந்தக் காரின் வயதுக்கேற்ற இலக்கம், நிறுவ முடியாவிட்டால் கியூ எழுத்தில் தொடங்கும் இலக்கம் என்று அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கியூ இலக்கத்தைப் பார்த்தால் வாங்குகிறவனுக்கும் பொலிசுக்கும் இது எப்படிப்பட்ட வண்டி என்று உடனே விளங்கிவிடும்.

“அது இங்கிலாந்து, இது இலங்கை” என்று சொல்வீர்கள். சரி, இலங்கையைப் பற்றியே பேசுவோம். என் சொந்தக் காரை வீதியில் ஓட்டுவதற்கான வருமான அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்கிறேன். 2008இலிருந்து புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு, என்னைப் போன்றவர்களின் காருக்கு இல்லை. முப்பது வருடம் ஓடிய காரின் அடித்தகடு உக்கிக் கையோடு வந்தாலும் புத்தகம் சரியாக இருந்தால் அது வாகனம். செசியாக வரும் பஸ்ஸுக்கு இங்கேதான் கூடு கட்டுகிறோம். அதில் ஐம்பது பேர் தொங்கிக்கொண்டு போகிறார்கள். அதைக் கட்டும் கைகளை நம்புகிறோம். இரண்டு பேர் இருக்கும் காரைக் கட்டிய கை மட்டும் ஏன் நம்பத்தகாததாகிறது? பாதுகாப்புத்தான் கவலை என்றால் பாதுகாப்பைத்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும்? பார்க்கவே இல்லையே.

திருட்டைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். செசி இலக்கத்தை வெட்டி ஒட்டுவதும், பழைய புத்தகத்தை வேறு வண்டியில் ஏற்றுவதும், ஹாஃப் கட் என்று பாதியாக வெட்டிய வண்டியை இறக்கி முழு வண்டியாக்கி விற்பதும் இந்த நாட்டில் நடக்காதவை அல்ல. ஆனால் அப்படிச் செய்கிறவன் கவுன்டருக்கு வந்து “நான்தான் கட்டினேன், வந்து பாருங்கள்” என்று சொல்வதில்லை. கொரோலா புத்தகத்தை வைத்துக்கொண்டு கொரோலா என்றே ஓட்டுவான். தம்பி டோனர் காரின் புத்தகத்தை ஒப்படைக்கத் தயாராகக் கொண்டுபோனார். கொழும்பில் பழைய வாகன உதிரிகள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் பில் வைத்திருக்கிறார். பழைய இலக்கத்தை ரத்துச் செய்து, என்ஜின் இலக்கத்தை ஒப்பிட்டு, புதுச் செசிக்கு அரசே ஓர் இலக்கத்தை அடித்துக் கொடுத்தால் கள்ளனுக்குத்தான் கஷ்டம். காப்புறுதி யார் கொடுப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு: இலக்கம் கிடைத்தால் கொடுப்பார்கள்.

“எல்லோரையும் போல ஒரு காரை வாங்கலாமே” என்ற கேள்வியைக் கேட்டவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று தெரியவில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது, அதுவும் எப்படிப்பட்ட வரியோடு! இடைப்பட்ட வருடங்களில் ஓடித் தேய்ந்த கார் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வருடங்களில்தான் இந்தப் பையன் வேலை முடிந்து வந்து இரவில் வெல்டிங் அடித்திருக்கிறார்.

என் அப்பா கொழும்பு ஆமர் வீதிப் பக்கம் ஒரு கராஜில் வேலை செய்தவர். 1970களில் இறக்குமதி அடைபட்டிருந்த காலம் அது. மொரிஸ் மைனருக்கும் ஒஸ்டினுக்கும் சாமான் கிடைக்காதபோது லேத்தில் கடைந்தும், வேறு வண்டியிலிருந்து கழற்றிப் பொருத்தியும்தான் கொழும்பின் டொக்டர்மாரின் கார்களையும் புரக்டர்மார் என்ற வழக்கறிஞர்களின் கார்களையும் ஓடவைத்தார்கள். வெல்டிங் ஆறியதும் அப்பா சின்னச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் மந்தமாக வந்தால் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப அடிக்கச் சொல்வார், வண்டிக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும் விடமாட்டார். அப்பாவிடம் எந்தச் சான்றிதழும் இருக்கவில்லை. அவர் அடித்த செசியில் போனவர்களுக்கு அவரை “பாஸ்” என்று கூப்பிடத் தெரியும், பண்டிகைக்குப் பலகாரம் அனுப்பத் தெரியும். ஆனால் அவர் ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் போனால் கிரீஸ் ஏறிய நகத்தைப் பார்த்துவிட்டு வாங்கில் உட்காரவும் சொல்லமாட்டார்கள். அன்றைக்குத் தம்பியிடம் “இதெல்லாம் எங்கே எடுத்தாய்?” என்று கேட்டிருக்கிறார்கள். அடையாள அட்டையைப் பார்த்த பிறகு குரல் மாறியதாகவும் சொன்னார். அதை இங்கே இழுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பதால் விடுகிறேன். ஆனால் “எடுத்தாய்” என்ற சொல் எனக்கு இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டினாய் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அதன்பின் எத்தனையோ திருத்தம் கண்டுவிட்டது. வீட்டில் கட்டிய வாகனத்துக்கென்று ஒரு பரிசோதனைப் படிவத்தையும், அதைப் பார்க்க ஒரு பரிசோதகரையும், நியாயமான ஒரு கட்டணத்தையும் வைப்பது பெரிய காரியமே அல்ல. கட்டணம் கூடுதலாக இருந்தாலும் கட்டுவார்கள். விழுந்தால் திருத்திக்கொண்டு வருவார்கள்.

தம்பி அடுத்த வாரம் மேன்முறையீட்டுக் கடிதம் கொடுக்கப் போகிறார், நானும் கூடப் போகிறேன். காரை நேரில் பார்த்து, பிரேக்கையும் செசியையும் சோதித்து, உள்ளதை உள்ளபடி அறிக்கையாக எழுதித் தரக்கூடிய பட்டயப் பொறியியலாளர் உங்களில் யாராவது இருந்தால், அல்லது அப்படி ஒருவரைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து உள்பெட்டியில் எழுதுங்கள். குறை இருந்தால் அந்தக் குறையையும் எழுதித் தாருங்கள், தம்பி அதைத்தான் கேட்கிறார்.