தொட்டி காலியாகவே இருக்கட்டும்

டிசம்பர் முதல் வாரமே கிறிஸ்துமஸ் குடிலை முழுசாக வைத்து முடிக்கிற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்றாக இருந்தது. மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள், நடுவில் குழந்தை இயேசு என எல்லாரும் ஒரே நாளில் வந்துவிடுவார்கள். 25-ம் தேதி வருவதற்குள் பிள்ளைகளுக்கு அது பார்த்துப் பழகிய பொருளாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் குழந்தை சொரூபத்தை மட்டும் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். தொட்டியில் வெறும் வைக்கோல். சின்னவள் தினமும் போய்க் குனிந்து பார்ப்பாள், "இன்னும் வரலையாம்மா?" என்று கேட்பாள். கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் காத்திருக்கும் திருவருகைக் காலம் என்பது அந்தக் கேள்விதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கிறிஸ்துமஸ் இராப்பூசை முடிந்து வந்ததும் பெரியவன் லூக்கா 2-ம் அதிகாரம் வாசித்தான். "தீவனத் தொட்டி" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "மாடு தின்கிற தொட்டியா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சின்னவள் இரண்டு கையாலும் சொரூபத்தை ஏந்திவந்து, வைக்கோலை ஒதுக்கி, மெதுவாகக் கிடத்தினாள்.

கிறிஸ்துமஸில் விசுவாசத்தை மையமாக வைக்க வேண்டும் என்றதும் நாம் செபங்களைக் கூட்டிக்கொண்டே போகிறோம். இரண்டு நாள் நடக்கும், மூன்றாம் நாள் நின்றுவிடும், அப்புறம் குற்ற உணர்வு. என்னைக் கேட்டால், நமக்குக் குறைவது செபம் இல்லை, காத்திருப்புதான். திருச்சபை நான்கு ஞாயிறுகளை அதற்காகவே தந்திருக்கிறது. பீடத்தில் ஊதா நிறம். ஞாயிறு பூசையில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப் பாட்டு கிடையாது. இதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவைத்தால், கிறிஸ்து பிறப்பு இரவில் மணியோசையோடு அந்தப் பாட்டு எழும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

1223-ல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசியார் (புனித பிரான்சிஸ்) அமைத்த குடிலில் முக்கியமாக இருந்தவை வைக்கோல் நிரப்பிய தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. அங்கேயேதான் அந்த இரவுப் பூசையும் நடந்தது. குடில் பூசையோடு சேர்ந்தது, வரவேற்பறை அலங்காரத்தோடு சேர்ந்தது அல்ல. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் வெறும் சடங்காகிவிடக் கூடாது. பிள்ளைகளை மட்டும் அனுப்பாமல் அப்பாவும் அம்மாவும் வரிசையில் நிற்கட்டும்.

இன்னொரு வருத்தம், 26-ம் தேதியே எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டுவது. திருநாள் தொடங்கியதே நேற்றுதானே? கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை போகிறது. ராஜாக்களைப் புத்தக அலமாரியின் கடைசியில் நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்துவது இப்போது எங்கள் பிள்ளைகளின் வேலை. ராஜாக்கள் குழந்தையைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சி அன்றுதான் குடிலுக்குள் வருவார்கள்.

அதற்குள், 26-ல் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த முதல் மறைசாட்சி ஸ்தேவானின் நாள், 28-ல் ஏரோது அரசன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாள். கொண்டாட்டத்தின் நடுவில் இது எதற்கு என்று முன்பு நினைப்பேன். பிள்ளையை இழந்த ஒரு வீட்டை அறிந்த பிறகு அப்படி நினைப்பதில்லை. அவர்களுக்கும் கிறிஸ்துமஸ் வருகிறது. 28-ம் தேதி இரவு குடிலுக்கு முன் அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் செபத்தைத் தொடங்குகிறோம்.